ஸ்பிரிங்கிலிருந்து தொடங்குங்கள்: மெக்கானிக்கல் கீபோர்டுக்குச் சுவிட்ச் பார்த்து எடுப்பது

சொந்தமாகக் கீபோர்டு கட்ட நினைப்பவர்கள் கேஸையும் கீகேப்பையும் (விசையின் மேல் மூடி) மாதக்கணக்கில் அலசி ஆராய்ந்து வாங்குவார்கள். சுவிட்சை மட்டும் இரண்டு ஒலிக் காணொளிகளைக் கேட்டுவிட்டு ஒரே ராத்திரியில் முடிவு செய்துவிடுவார்கள். உண்மையில் நாள் முழுக்க விரல் தள்ளிக்கொண்டிருப்பது சுவிட்சுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங்கைத்தான். சத்தத்தைப் பிறகு எத்தனையோ வழிகளில் மாற்றிக்கொள்ளலாம். எடை (அழுத்த வேண்டிய பலம்) பொருந்தாத ஸ்பிரிங்கோடு மூன்று மாதம் தட்டினால் அந்தப் போர்டு அலமாரிக்குத்தான் போகும். ஆகவே எடையை முதலில் முடிவு செய்யுங்கள், அழுத்தும் உணர்வை அடுத்துப் பாருங்கள், ஒலியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சைத் திறந்து பார்த்தால் ஐந்தே பாகங்கள்: மேல் ஹவுசிங், கீழ் ஹவுசிங் (கூட்டின் இரண்டு பாதிகள்), கீகேப் மாட்டும் ஸ்டெம், ஸ்பிரிங், உலோக லீஃப். ஸ்டெம்மின் ஒரு பக்கத்தில் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும். சுவிட்ச் சும்மா இருக்கும்போது அந்தக் கால்கள் லீஃபைத் தள்ளி விலக்கி வைத்திருக்கும். அழுத்தினால் கால்கள் இறங்கிப்போகும், லீஃப் முன்னால் வந்து எதிர்த் தகட்டைத் தொடும், எழுத்து பதிவாகும். கால்கள் வழுவழுப்பான சரிவாக இருந்தால் அது லீனியர். சரிவின் நடுவே ஒரு புடைப்பு இருந்து லீஃப் அதன்மேல் ஏறி இறங்கினால் டாக்டைல். 'கிளிக்' என்று ஒலி எழுப்புவதற்கென்றே தனியாக ஒரு துண்டோ கம்பியோ இருந்தால் கிளிக்கி. கடையில் காணும் நூற்றுக்கணக்கான பெயர்களும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும்.

நிறத்தை நம்பி வாங்கும் காலம் போய்விட்டது. செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் சுவிட்ச் மட்டுமே பரவலாக இருந்த நாட்களில் சிவப்பு என்றால் 45 சென்டிநியூட்டன் லீனியர், கறுப்பு என்றால் 60 சென்டிநியூட்டன் லீனியர், நீலம் என்றால் கிளிக்கி என்று சொன்னால் போதும். காப்புரிமைக் காலம் முடிந்தபின் கேட்டரான், கைல், அவுட்டெமு என்று பல நிறுவனங்கள் அதே அமைப்பில் செய்யத் தொடங்கின. முதலில் அதே நிறங்களைத்தான் பின்பற்றின, பிறகு இஷ்டத்துக்கு நிறம் கொடுத்தன. இன்று ஊதா ஸ்டெம் என்பது வெறும் ஊதா ஸ்டெம்தான்.

எடைக்கு வருவோம். இங்கேதான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டியில் '45' என்றும் '62' என்றும் போட்டிருப்பது பெரும்பாலும் ஒரே அளவு அல்ல. ஒரு நிறுவனம் எழுத்து பதிவாகும் இடத்தில் வேண்டிய விசையைச் சொல்லும். இன்னொன்று அடிவரை அழுத்தி முட்டும்போது உள்ள விசையைச் சொல்லும். அலகு சில இடங்களில் கிராம், சில இடங்களில் சென்டிநியூட்டன். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு கிராம் விசை என்பது 0.98 சென்டிநியூட்டன், விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். எந்த இடத்தில் அளந்தது என்பதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஸ்பிரிங், விரல் வைத்தவுடனேயே 35 கிராம் எதிர்க்கிறது. 4 மில்லிமீட்டர் இறங்கி அடியில் முட்டும்போது 62 கிராம். எழுத்து பதிவாவது பாதி வழியில், 2 மில்லிமீட்டரில். அங்கே விசை இரண்டுக்கும் நடுவே 48 அல்லது 49 கிராம். ஆக '62 கிராம்' என்று விற்கும் இந்தச் சுவிட்சும், '45' என்று விற்கும் செர்ரி சிவப்பும் கிட்டத்தட்டப் பக்கத்து வீடு. எண்ணை மட்டும் பார்த்தவர் இதைப் பெருங்கனம் என்று நினைத்து ஒதுக்கியிருப்பார்.

அதே 62இல் இன்னொரு ஸ்பிரிங்கை எடுங்கள். இது நீளமானது, ஹவுசிங்குக்குள் ஏற்கெனவே நன்றாக நசுங்கி உட்கார்ந்திருப்பதால் தொடக்கத்திலேயே 50 கிராம் எதிர்க்கும். பாதி வழியில் 56. அடியில் அதே 62. தொடக்கத்தில் கனமாகவும் பிறகு ஒரே சீராகவும் இருக்கும், விரலை எடுத்ததும் சட்டென்று மேலே வரும். முதல் ஸ்பிரிங் மென்மையாகத் தொடங்கி அடியில் இறுகும். சுமார் 15 மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்பிரிங்குகள் முதல் வகை, 20 மில்லிமீட்டரைத் தாண்டியவை இரண்டாம் வகை என்று பொதுவாகக் கொள்ளலாம். விசை வரைபடம் (இறங்கும் தூரத்துக்கு எதிர்ப்பு எவ்வளவு என்று காட்டும் படம்) கிடைத்தால் கோடு இடது ஓரத்தில் எந்த உயரத்தில் தொடங்குகிறது, எவ்வளவு சாய்வாக ஏறுகிறது என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். லீனியருக்கு அதுவே போதும்.

உங்களுக்கு எந்த எடை சரி என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். இப்போது பயன்படுத்தும் கீபோர்டைக் கணினியோடு இணைத்தபடியே தராசின் மேல் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். ஏதாவது எழுத்துச் செயலியைத் திறந்துகொண்டு, பென்சிலின் ரப்பர் முனையால் ஒரு விசையை (கீயை) மெதுவாக, மிக மெதுவாக அழுத்துங்கள். திரையில் எழுத்து வரும் கணத்தில் தராசு காட்டும் எண்தான் எழுத்து பதிவாகும் எடை. தராசின் திரை சற்றுத் தாமதமாகவே மாறும் என்பதால் அவசரப்பட்டால் எண் ஏறிவிடும். மூன்று முறை செய்து நடு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ரப்பர் கீபோர்டிலும் டாக்டைல் சுவிட்சிலும் எழுத்து வருவதற்கு முன்பே எண் ஒரு உச்சத்தைத் தொட்டு இறங்கும். அந்த உச்சத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் முட்டிய பிறகு வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை, அது நீங்கள் தராசை அழுத்துவது.

கையில் எண் வந்ததும் கேள்வி எளிதாகிவிடும். இப்போதுள்ள எடையில், அழுத்த நினைக்காத எழுத்துகள் தானாக விழுகின்றனவா? விரலை விசைகளின் மேல் ஓய்வாக வைக்கும் பழக்கம் இருந்தால் லேசான ஸ்பிரிங்கில் இது நடந்தே தீரும். அப்படியானால் 5 முதல் 10 கிராம் ஏறுங்கள். மாறாக, சாயங்காலத்தில் சுண்டுவிரல் எழுத்துகள் மட்டும் விடுபடுகின்றனவா, முன்கை இறுகுகிறதா? 5 முதல் 10 கிராம் இறங்குங்கள். அடியில் அளக்கும் கணக்கில் (தராசில் நீங்கள் அளந்த பதிவு எடையை விட இது கூடுதலாக வரும்) 55க்குக் கீழே லேசு, 60 முதல் 65 வரை நடுத்தரம், 67க்கு மேலே கனம். எதை எடுப்பது என்று தெரியாதவருக்கு 60க்கும் 63க்கும் நடுவே உள்ள ஒரு லீனியரைத்தான் நான் சொல்வேன். அங்கிருந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்.

எல்லா விசைக்கும் ஒரே எடை இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டோப்ரே என்ற வேறொரு சுவிட்ச் அமைப்பில் வரும் ரியல்ஃபோர்ஸ் கீபோர்டுகளில், விரலின் பலத்துக்கேற்ப 30, 45, 55 கிராம் என்று கலந்து வைத்த வகை உண்டு. எம்எக்ஸ் போர்டிலும் சுண்டுவிரல் வரிசைக்கு 5 கிராம் குறைத்து வைக்கலாம். ஸ்பேஸ்பாருக்கு மட்டும் எதிர்த்திசை. நீளமான கீகேப், அதற்குக் கீழே அது சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் கம்பி, அதில் கிரீஸ், இத்தனையையும் தூக்கிக்கொண்டு மேலே வர வேண்டியது ஒரே ஒரு ஸ்பிரிங். லேசான போர்டில் ஸ்பேஸ்பார் சோம்பலாக எழுந்தால், அந்த ஒரு சுவிட்சுக்கு மட்டும் 5 முதல் 10 கிராம் கூடுதலான ஸ்பிரிங் போடுங்கள்.

உணர்வைப் பற்றிப் பேசும்போது பலரும் சொல்லும் ஒரு தவறான கருத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'டாக்டைல் எடுத்தால் புடைப்பு தெரிந்ததும் நிறுத்திவிடலாம், அடிவரை தட்ட வேண்டாம்' என்பார்கள். நடப்பது அப்படி அல்ல. புடைப்பைத் தாண்ட விரல் ஒரு உந்து உந்துகிறது. தாண்டியதும் எதிர்ப்பு சட்டென்று குறைகிறது. அந்த வேகத்தில் விரல் நேரே அடியில்தான் போய் மோதும். புடைப்பு பெரிதாக ஆக மோதலும் பெரிதாகும். டாக்டைலை அந்த உணர்வு பிடித்திருப்பதற்காக வாங்குங்கள், மென்மையாகத் தட்டுவதற்காக அல்ல.

டாக்டைலில் கவனிக்க வேண்டியது புடைப்பு எங்கே தொடங்குகிறது என்பது. செர்ரி பிரவுனில் கொஞ்சம் இறங்கியபின் ஒரு சின்னத் தட்டுதல், அவ்வளவுதான், கவனிக்காமலே தட்டிவிடலாம். ஹோலி பாண்டா, போபா யு4டி போன்றவற்றில் விரல் வைத்தவுடனே புடைப்பு, முன்னால் சும்மா இறங்கும் தூரமே கிடையாது. இந்தப் பெரிய புடைப்போடு லேசான ஸ்பிரிங்கைச் சேர்த்தால் இன்னொரு தொல்லை வரும்: மேலே வரும்போதும் ஸ்டெம் அதே புடைப்பைத் தாண்ட வேண்டுமே. ஸ்பிரிங்குக்குப் பலம் போதவில்லையென்றால் விசை பாதியில் தயங்கி நிற்கும். எடை குறைக்க ஆசைப்பட்டு ஸ்பிரிங் மாற்றுகிறவர்கள் அடிக்கடி விழும் குழி இது. புடைப்புப் பெரிதான சுவிட்சில் அடியளவு 60 கிராமுக்குக் கீழே போகும் முன் ஒன்றிரண்டில் போட்டுப் பாருங்கள்.

கிளிக்கியில் இரண்டு வகை. செர்ரி நீலத்தில் ஸ்டெம்மின் மேல் சட்டை போல ஒரு துண்டு நழுவி மோதி ஒலிக்கும். அது பதிவாவது 2.2 மில்லிமீட்டரில், விடுபடுவது அதற்கும் மேலே, ஆகவே ஒரே எழுத்தை வேகமாக இருமுறை தட்டுவது சற்றுச் சிரமம். கைல் பாக்ஸ் வெள்ளை போன்றவற்றில் மெல்லிய கம்பி ஒன்று தெறித்து ஒலிக்கும், ஒலி கூர்மை. அறையில் வேறு யாராவது இருந்தால் இரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

1.2 மில்லிமீட்டரிலேயே பதிவாகும் 'ஸ்பீடு' சுவிட்சுகள் விளையாட்டுக்குச் சரி. எழுத்து வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத்து விசையை விரல் உரசினாலே எழுத்து விழும். சைலண்ட் சுவிட்சுகளில் ஸ்டெம்மில் ரப்பர் போன்ற மெத்தை ஒட்டியிருக்கும். மேலும் கீழும் மோதும் ஒலி அடங்கும், ஆனால் அடியில் கொஞ்சம் சதசதவென்று இருக்கும். ஸ்டெபிலைசர் சரியில்லாத போர்டில் சைலண்ட் போட்டால் மற்ற ஒலியெல்லாம் அடங்கி ஸ்பேஸ்பாரின் கடகடப்பு மட்டும் தனியாகக் கேட்கும். முதலில் ஸ்டெபிலைசரைச் சரிசெய்யுங்கள்.

ஒலி. கேட்கும் சத்தத்தில் கேஸ், பிளேட் (சுவிட்சுகள் மாட்டியிருக்கும் தகடு), கீகேப் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. காணொளியில் மைக்கின் தூரத்துக்கும் உண்டு. ஒரே சுவிட்ச் அலுமினியப் பிளேட்டில் ஒரு மாதிரியும் பாலிகார்பனேட் பிளேட்டில் வேறு மாதிரியும் கேட்கும். அதையும் மீறிச் சுவிட்சுக்கென்று ஒரு குரல் இருக்கிறது. நைலான் ஹவுசிங் 'தொக்' என்று தாழ்ந்து ஒலிக்கும், பாலிகார்பனேட் 'டக்' என்று உயர்ந்து ஒலிக்கும். ஸ்டெம்மின் நடுக்கம்பு நீளமான 'லாங் போல்' சுவிட்சுகளில் அந்தக் கம்பின் நுனியே அடியில் இடிக்கும். ஓட்டம் 4 மில்லிமீட்டருக்குப் பதில் 3.3 முதல் 3.6 மில்லிமீட்டரில் முடியும், ஒலி கூர்மையாகவும் உரக்கவும் வரும். பிஓஎம் பிளாஸ்டிக் இயல்பாகவே வழுக்கும் தன்மை கொண்டது என்பதால் ஸ்டெம்முக்கு அதையே அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

பணம் கொடுக்கும் முன் போர்டோடு பொருந்துமா என்று பார்க்க வேண்டும். சுவிட்சைத் திருப்பிப் பாருங்கள்: இரண்டு உலோகப் பின், நடுவில் ஒரு தடித்த கம்பு இருந்தால் மூன்று பின். அதோடு பக்கத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கால் இருந்தால் ஐந்து பின். ஐந்து துளை உள்ள பிசிபியில் (மின்சுற்றுப் பலகையில்) இரண்டும் உட்காரும். மூன்று துளை மட்டும் இருந்தால் ஐந்து பின் சுவிட்சின் பிளாஸ்டிக் கால்களை நகவெட்டியாலோ தட்டை வெட்டியாலோ அடியோடு வெட்டிவிடலாம். வேலை ஒன்றும் கெடாது. கீழே விளக்கு எரிய வேண்டுமென்றால் மேல் ஹவுசிங் ஒளி கடத்துவதாக இருக்கட்டும். ஹால் எஃபெக்ட் எனப்படும் காந்தச் சுவிட்சுகளும் தட்டையான லோ ப்ரொஃபைல் சுவிட்சுகளும் தனி உலகம். அவற்றுக்கென்று செய்த பிசிபி வேண்டும், சாதாரண எம்எக்ஸ் போர்டில் வேலை செய்யாது.

இன்னொன்று, போர்டு கைக்கு வந்த பிறகே பலருக்குத் தெரியவரும். பிசிபியில் விளக்குத் துளை உங்களுக்கு எதிர்ப்பக்கம், அதாவது திரையின் பக்கம் பார்த்திருந்தால், செர்ரி ப்ரொஃபைல் எனும் உயரம் குறைந்த வடிவக் கீகேப்பின் உட்சுவர் சில வரிசைகளில் மேல் ஹவுசிங்கின் விளிம்பில் இடிக்கும். அழுத்தினால் அடியில் ஒரு மழுங்கிய, ஈரத்துணியைத் தட்டியது போன்ற ஒலி. பழியைச் சுவிட்ச் மேல் போடுவார்கள். லாங் போல் சுவிட்ச் போட்டால் கீகேப் அவ்வளவு தூரம் இறங்காது, பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். உயரமான வேறு ப்ரொஃபைல் கீகேப்பும் தீர்வுதான்.

தேர்வை இரண்டு மூன்றாகக் குறைத்த பிறகு மாதிரி வாங்குங்கள், ஆனால் ஒவ்வொன்றில் ஒன்று வேண்டாம். அக்ரிலிக் கட்டையில் தனியாக நிற்கும் ஒரு சுவிட்சை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பார்ப்பது எதையும் சொல்லாது. அது பலமான விரல், எல்லாமே லேசாகத்தான் தெரியும். ஒவ்வொன்றிலும் பத்து வாங்கி, சாலிடர் இல்லாமலே சுவிட்சைக் கழற்றி மாட்டக்கூடிய ஹாட்-ஸ்வாப் போர்டில் இடக்கை வரிசைகளில் ஒன்றையும் வலக்கையில் மற்றதையும் போட்டு மூன்று நாள் உண்மையான வேலை செய்யுங்கள். பிறகு பக்கம் மாற்றி மூன்று நாள். எந்தக் கை களைக்கிறது என்பதைக் கவனித்தால் போதும்.

பத்து கையில் இருக்கும்போதே தரத்தையும் பார்த்துவிடலாம். காதோரம் வைத்து ஸ்டெம்மைச் சட்டென்று விடுங்கள். 'ணங்' என்று ரீங்கரித்தால் ஸ்பிரிங் ஒலி, எண்ணெயில் அடங்கும். ஸ்டெம்மை நான்கு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். பத்தில் இரண்டு மட்டும் தளர்வாக ஆடினால் அந்தத் தயாரிப்பில் சீர் இல்லை. மேல், கீழ் ஹவுசிங்கை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். அசைந்தால் ஃபிலிம் (இரண்டுக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தாள்) உதவும், அசையாவிட்டால் ஃபிலிம் வீண். இறுக்கமான ஹவுசிங்கில் ஃபிலிமைத் திணித்தால் கொக்கிகள் சரியாக மாட்டாது.

இப்போது வரும் பல சுவிட்சுகள் ஆலையிலேயே லூப் (உரசலைக் குறைக்கும் கிரீஸ் அல்லது எண்ணெய்) போட்டவை. பத்திலும் உரசல் ஒரே மாதிரி இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். சிலவற்றில் மட்டும் சொரசொரப்பு இருந்தால் திறந்து போடுவதே வழி. லீனியருக்கு க்ரைடாக்ஸ் 205 ஜி0 கிரீஸ், டாக்டைலுக்கு அதைவிட மெல்லிய ட்ரைபோசிஸ் 3203, ஸ்பிரிங்குக்கு க்ரைடாக்ஸ் 105 எண்ணெய். ஐந்து மில்லி கிரீஸ் ஒரு முழுப் போர்டுக்குத் தாராளம்.

ஸ்பிரிங்குகளை மொத்தமாக ஜிப் பையில் போட்டு, எழுபதுக்கு ஏழெட்டுச் சொட்டு எண்ணெய் விட்டு, காற்று நிரப்பி மூடி, இரண்டு நிமிடம் குலுக்குங்கள். கிரீஸ் தடவ 0 அல்லது 00 எண் தூரிகை. நுனியைக் கிரீஸில் தொட்டதும் டப்பா விளிம்பில் துடைத்துவிடுங்கள். மயிரிழைகளுக்கு நடுவே வெண்மை தெரியக் கூடாது, ஒரு மினுக்கம் இருந்தால் போதும். கீழ் ஹவுசிங்கில் ஸ்டெம் வழுக்கும் இரண்டு தண்டவாளங்கள், ஸ்பிரிங் உட்காரும் வட்டம். ஸ்டெம்மில் இரண்டு பக்கச் சறுக்குகள், நடுக்கம்பு. லீனியரில் லீஃபைத் தொடும் கால்களுக்குத் தூரிகையில் மிச்சமிருப்பதை மட்டும் ஒரு இழுப்பு. டாக்டைலில் அந்தக் கால்களைத் தொடவே தொடாதீர்கள், புடைப்பு மழுங்கிப் பாதிக் காசு போய்விடும். கிளிக்கியில் கிரீஸ் போட்டால் கிளிக் செத்துவிடும்; ஸ்பிரிங்குக்கு எண்ணெய் மட்டும். சைலண்டில் மெத்தைமேல் படக் கூடாது.

அதிகமாகப் போட்டால் என்ன ஆகும்? விசை மேலே வரும்போது மந்தமாக எழும், ஒலி குழைந்துவிடும். அதைவிட மோசம், கிரீஸ் லீஃப் தொடும் முனைக்குப் போய்விடும்; எழுத்து சில நேரம் வராது, சில நேரம் இரண்டாக வரும். முதல் ஐந்து சுவிட்சை முடித்ததும் நிறுத்திப் பிளேட்டில் போட்டுத் தட்டிப் பாருங்கள். எழுபதையும் முடித்துவிட்டு அதிகமாகிவிட்டது என்று கண்டுபிடித்தால் எழுபதையும் கழுவ வேண்டும்.

பொருத்தும்போது பின்களை முதலில் கண்ணால் பாருங்கள். பொட்டலத்திலேயே வளைந்து வருவது சகஜம், சாமணத்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். பிசிபியின் அடியில் சாக்கெட் இருக்கும் இடத்தை விரலால் தாங்கிக்கொண்டு சுவிட்சை நேராகக் கீழே அழுத்துங்கள். தாங்காமல் மேலிருந்து குத்தினால் சாக்கெட் தன் செப்புத் திட்டோடு பெயர்ந்து வரும், அந்தப் பழுது எளிதில் சரியாகாது. சாய்த்து நுழைத்தால் பின் மடங்கிச் சாக்கெட்டுக்கு வெளியே படுத்துக்கொள்ளும். சுவிட்ச் நன்றாக உட்கார்ந்தது போலவே தெரியும், எழுத்து மட்டும் வராது. சாலிடர் போர்டு என்றால் 63/37 வெள்ளீயம்-ஈயக் கலவை, 320 முதல் 350 டிகிரி செல்சியஸ், ஒரு பின்னுக்கு இரண்டு மூன்று வினாடி. முதலில் நான்கு மூலைச் சுவிட்சுகளைப் பற்றவைத்து, பிளேட்டும் பிசிபியும் இணையாக நிற்கின்றனவா என்று பக்கவாட்டில் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள்.

கீகேப் மாட்டுவதற்கு முன்பே எல்லா விசையையும் சோதித்துவிடுங்கள். ஒரு எழுத்து இரட்டையாக விழுந்தால் அந்தச் சுவிட்சை வேறு இடத்துச் சுவிட்சோடு மாற்றிப் போடுங்கள். கோளாறு சுவிட்சோடு நகர்ந்தால் லீஃபில் அழுக்கோ வளைவோ. இடத்திலேயே நின்றால் சாக்கெட்டிலோ பிசிபியிலோ. கீபோர்டுக்குள் ஓடும் க்யூஎம்கே மென்பொருளில், லீஃப் தொடும்போது வரும் அதிர்வைப் பொறுக்கும் நேரம் இயல்பாக 5 மில்லிவினாடி. அதைக் கூட்டிக் கோளாறை மறைப்பதை விடச் சுவிட்சை மாற்றுவது சுலபம்.

எண்ணிக்கை: அம்புக்குறி விசைகளும் இல்லாத 60 சதவீத போர்டுக்கு 61, எண்தளம் இல்லாத டிகேஎல்லுக்கு 87, முழு அளவுக்கு 104. ஐரோப்பிய அமைப்பானால் ஒன்று கூடும். இதற்கு மேல் ஐந்து முதல் பத்து உபரி வாங்குங்கள். பிறகு வாங்கினால் வேறு தயாரிப்புத் தொகுதியில் வந்து உரசலும் நிறமும் சற்று மாறியிருக்கலாம். மிச்சத்தை எடுத்து வைக்கும்போது பையின் மேல் ஸ்பிரிங் எடையையும் என்ன லூப் போட்டது என்பதையும் எழுதி ஒட்டுங்கள். ஸ்பிரிங் மாற்றிய சுவிட்சும் மாற்றாததும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.